வாசலில் ஒரு மரத்துக்குத்தான் இடம்: வேம்பா, கொன்றையா, புங்கையா, மகிழமா?

அக்காவும் அத்தானும் மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் மூன்று சென்ட் மனையில் வீடு கட்டிக் குடிபோய் ஆறு மாதம் ஆகிறது. மேற்கே பார்த்த வாசல். வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே பன்னிரண்டு அடி அகலத்துக்கு வெறும் செம்மண். தெற்கு மூலையில் ஆழ்துளைக் கிணறு. வடக்கு ஓரம் கார் வந்து போவதற்கு. மிச்சம் கிடப்பது ஒரே ஒரு மரத்துக்கான இடம்.

அந்த ஒரு மரம் எது என்பதில் வீட்டில் நான்கு கட்சி. அத்தானுக்கு வேம்பு. கல்லூரியில் படிக்கும் மகளுக்குச் சரக்கொன்றை. எதிர்வீட்டுப் பெரியவர் புங்கையைத் தவிர வேறு எதையும் பேசாதே என்கிறார். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மகிழம்பூ. “நீதான் மரம் மரம் என்று அலைகிறவன் ஆயிற்றே, நீயே வந்து பார்த்துச் சொல்” என்று கூப்பிட்டாள்.

வைகாசியில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். வேண்டுமென்றே அந்த நேரத்தில் போனேன். இரும்புக் கேட்டைக் கையால் தொட முடியவில்லை. துண்டைச் சுற்றித்தான் திறந்தேன். வாசல் வழியாக வெயில் உள்ளே நுழைந்து கூடத்தின் நான்காவது டைல்ஸ் வரிசை வரை படுத்திருந்தது. டேப் பிடித்து அளந்து, மண்ணைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். இரண்டு அடி வரை நல்ல செம்மண். அதற்குக் கீழே சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் கலந்த இறுக்கமான மண். தொட்டிச் செடியாக இருந்தால் பிடிக்காதபோது தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாம். மரம் என்றால் வைத்த இடத்திலேயே முப்பது வருடம் பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றையும் பொறுமையாக எடைபோட்டோம். அதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

மதுரை வட்டாரத்தில் மரம் தேர்ந்தெடுக்கிறவர்கள் பூவின் நிறத்தையோ வளரும் வேகத்தையோ வைத்து முடிவு செய்வதைப் பார்க்கிறேன். நான் முதலில் பார்ப்பது மாதத்தை. இங்கே ஒரு வருடத்தில் பெய்யும் மழை சுமார் 850 மில்லிமீட்டர்; ஏறக்குறைய பாதி ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மாசியில் இலை உதிரும். பங்குனி தொடங்கி ஆனி முடிய வெயில். அதன்பின் ஆடிக் காற்று. ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை. இந்தச் சுற்றில் ஒவ்வொரு மரமும் ஏதோ ஒரு மாதத்தில், அதிலும் ஏதோ ஒரு வேளையில்தான் தன்னிடம் உள்ளதை முழுதாகக் கொடுக்கிறது. அந்த மாதமும் வேளையும் நாம் வாசலில் இருக்கிற நேரத்தோடு பொருந்துகிறதா என்பதுதான் என் கேள்வி.

வேம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மதுரையில் வேம்புக்கு எதிராகப் பேசுவது மனசுக்கு ஒப்பவில்லை. பாண்டியர்களின் அடையாளப் பூ அது. மாசியில் பழுத்த இலையைக் கொட்டிவிட்டு, செம்பு நிறத்தில் தளிர் விட்டு, பங்குனி சித்திரையில் பூக்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ சொந்த மரத்திலிருந்தே கிடைப்பது ஒரு வரம். அதே பூவைக் காயவைத்து வைத்துக்கொண்டால் வருடம் முழுவதும் ரசத்துக்கு ஆகும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம், எந்த மண்ணிலும் வரும். ஆனால் அது ஐம்பது அடியைத் தாண்டி வளரும் மரம். கிளை விரிவும் அதற்குத் தக்கபடி இருக்கும். பன்னிரண்டு அடிக்குள் அதை வைத்தால் மொட்டைமாடிக்கு மேலும் தெருவுக்கு மேலும் கிளை போகும். பிறகு வருடா வருடம் வெட்டிக் குட்டையாக்கி, மொட்டை மரமாகத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனி, ஆடியில் பழம் கொட்டும்போது சிமெண்ட் தரையில் ஒட்டி ஈ மொய்க்கும். வேம்புக்கு ஒரு தெருமுனை வேண்டும், ஒரு கோயில் திடல் வேண்டும், குறைந்தது பத்து சென்ட் தோட்டம் வேண்டும். இதைச் சொன்னபோது அத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன் பள்ளிக்கூடத்து வேம்பை நினைத்துத்தான் கேட்டேன் என்றார். அந்த மரம் இன்னும் இருக்கிறது; போய் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

சரக்கொன்றைக்காகப் பேசிய மருமகளை ஒதுக்கிவிட முடியாது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் மதுரையிலிருந்து அழகர்கோயில் போகும் சாலையில் பூத்த கொன்றையைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஒரு அடி, ஒன்றரை அடி நீளத்துக்குச் சரம் சரமாகத் தொங்கும் மஞ்சள். இலை அநேகமாக இருக்காது, அதனால் பூ மட்டுமே மரமாக நிற்கும். காற்றடித்தால் சரம் கலைந்து இதழ் உதிர்ந்து வாசல் முழுக்க மஞ்சளாகிவிடும். நடுத்தர அளவு மரம் என்பதால் சிறிய மனைக்கும் பொருந்தும். மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இதன் இளந்தளிரில்தான் முட்டையிடும். புழு தளிரைத் தின்னும்போது பதறி மருந்து அடிக்காமல் விட்டால், சில வாரத்தில் மரத்தைச் சுற்றிப் பட்டாம்பூச்சி பறக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு அதை ஏன் வேண்டாம் என்கிறேன்? இலை இல்லாமல் நிற்பதுதான் அதன் அழகு, அந்த அழகுதான் அக்கா வீட்டுக்குக் குறை. பங்குனியிலும் சித்திரையிலும் மேற்கு வெயில் வாசலைச் சுட்டெரிக்கும்போது கொன்றை நிழல் தராது. பூச் சரத்தின் ஊடாக வெயில் சல்லடையாக இறங்கும். வைகாசி கடைசியில் இலை விட்டு நிறைகிற நேரத்தில் கடுமையான வெயில் போயிருக்கும். பிறகு வருடத்தின் பெரும்பகுதி, கைப்பிடித் தடி நீளத்துக்குக் கறுத்த காய்கள் தொங்கிக்கொண்டு நிற்கும். கிழக்குப் பார்த்த வீடாக இருந்து, நிழல் அவசியம் இல்லையென்றால் நானே முன்னின்று கொன்றை வைத்திருப்பேன். விதை போட்டு வளர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் விதைத்தோல் கல் போல இருக்கும். உப்புத்தாளில் தேய்த்து, ஒரு இரவு வெந்நீரில் ஊறவைத்துப் போட்டால்தான் ஒழுங்காக முளைக்கும்.

இந்தப் பட்டியலில் யாரும் கேட்காத ஒரு மரத்தைப் பற்றி நானே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். மரமல்லி, பன்னீர்ப்பூ என்றும் சொல்வார்கள். பதினைந்து வருடத்துக்கு முன்பு திருநகர்ப் பக்கம் குடியிருந்தபோது சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு கன்று வைத்தேன். எவ்வளவு அழகான மரம்! ஐப்பசி பிறந்தால் பூக்கும். நீளக் காம்புள்ள வெள்ளைப் பூ இரவெல்லாம் மணந்துவிட்டு விடியும்போது உதிரும். மார்கழியில் வாசல் தெளிக்கிறவர்கள் பூவைக் கூட்டித் தள்ள மனம் வராமல் கோலத்தைச் சற்றுத் தள்ளிப் போடுவார்கள். அது ஏழாவது வருடம் முப்பதடி உயரத்துக்கு நேராகப் போய்விட்டது. அந்த மரத்தின் கட்டை லேசானது, சட்டென்று முறியும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஓர் ஐப்பசி இரவு மழைக் காற்றில் நடுக்கிளை ஒன்று முறிந்து பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டு அம்மாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. வெட்டிவிடலாம் என்று வெட்டினால், மழை விட்டதும் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பின. தளக்கல்லின் இடுக்குகளில், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், பக்கத்து வீட்டுத் துவைக்கும் கல்லுக்கு அடியில். இரண்டு வருடம் பிடுங்கினேன். பெரிய வளாகத்தில், கட்டடத்திலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி இருந்தால் மரமல்லி போல ஒன்று இல்லை. மனை வீட்டு வாசலுக்கு அது வேண்டாம்.

கடம்பும் அப்படித்தான். மீனாட்சி அம்மன் கோயிலின் தலமரம். கடம்பவனம் என்பதே இந்த ஊரின் பழைய பெயர். அதனால் மதுரைக்காரர்கள் வீட்டில் ஒரு கடம்பு வைக்க ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. அது வேகமாக வளரும், தண்ணீர் நிறையக் கேட்கும், மிகப் பெரிய மரம். கண்மாய்க் கரையில் இடம் கிடைத்தால் வையுங்கள். நாகலிங்கமும் வேண்டாம், அதன் காய் பீரங்கிக் குண்டு அளவில் இருக்கும், தலைக்கு மேலே தொங்கும்.

மிஞ்சியவை புங்கையும் மகிழமும். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது. அதைத் தீர்க்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் வீட்டு வாசலில் ஒரு புங்கை இருக்கிறது. அவர் வாதாடவே தேவையில்லை. அந்த மரம் அவருக்காகப் பேசும். வைகாசி மூன்று மணி வெயிலில் அதன் அடிக்குப் போய் நின்றேன். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து மரத்தடிக்கு நான்கு எட்டு. அந்த நான்கு எட்டில் வேறு ஊருக்கு வந்தது போலத் தோள் குளிர்ந்தது. ஒரு நாய், இரண்டு மிதிவண்டி, கயிற்றுக் கட்டிலில் அவர் பேரன், மூலையில் மண்பானை. புங்கையின் இலை அடர்த்தி அப்படி. இந்த மரத்தின் தனிச் சிறப்பே நேரம் தவறாமைதான். மாசியில் இலை உதிர்க்கும், ஆனால் இரண்டு மூன்று வாரம்தான். பங்குனி பாதியில் கண்ணாடி போல மினுங்கும் இளம்பச்சைத் தளிர் மூடிவிடும். அந்தத் தளிரை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நரம்பு நரம்பாக வெளிச்சம் தெரியும். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் முழு நிழல் தயாராக இருக்கும். கொன்றை தவறவிடுகிற அதே நாட்களில் புங்கை கைகொடுக்கிறது.

பூவும் உண்டு. வெளிர் ஊதா கலந்த வெள்ளையில் சின்னச் சின்னதாகப் பூத்து உதிர்ந்தால் தரையில் பொரி இறைத்தது போல இருக்கும். சங்கப் புலவர்கள் புங்கம்பூவைப் பொரிக்கு ஒப்பிட்டது, மரத்தடியில் உட்கார்ந்து பார்த்த ஒப்பு. அதில் தேனீ மொய்க்கும் சத்தம் காலையில் வீட்டுக்குள் கேட்கும். அவரையினத்தைச் சேர்ந்த மரம் என்பதால் வேர்முடிச்சு வழியாக மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். உழவர்கள் புங்கந்தழையை வயலில் மிதித்து உரமாக்கியது அதனால்தான். உப்புத் தண்ணீரையும் சுக்கான் மண்ணையும் தாங்கும். இந்தப் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் உப்பு என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. நட்ட நான்காவது வருடம் ஆள் நிற்க நிழல் கிடைத்துவிடும். இலையில் கொப்புளம் கொப்புளமாக வருவதைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள். சிறு பூச்சிகளால் வருவது. மரத்துக்கு ஒன்றும் ஆகாது, மருந்தும் வேண்டாம்.

இனி மகிழம். இதைப் பற்றி நான் நடுநிலையாக எழுதுவது கடினம். அம்மாவின் ஊர் சோழவந்தான் பக்கம். அங்கே பெருமாள் கோயில் பிரகாரத்தில் ஒரு பழைய மகிழ மரம் இருந்தது. கோடை விடுமுறைக்குப் போனால் அக்காவும் நானும் விடிவதற்கு முன்பே ஓடுவோம், ஏனென்றால் வெயில் ஏறிவிட்டால் பூ மண்ணோடு ஒட்டிவிடும். சந்தன நிறத்தில், சட்டைப் பித்தான் அளவு, சுற்றிலும் கூரான இதழ்கள். உதிரும்போதே நடுவில் ஓட்டையோடு உதிரும். ஊசி வேண்டாம், முடிச்சு வேண்டாம். தென்னை ஈர்க்கை உருவி, நுனியைப் பல்லால் கடித்துக் கூராக்கி, ஒவ்வொரு பூவாகக் கோத்துக்கொண்டே போனால் மாலை தயார். அக்கா கோக்கும் வேகத்துக்கு என்னால் பூ பொறுக்கிக் கொடுக்க முடியாது. அம்மா அந்த மாலையைத் தலையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வாடியதும் தூக்கி எறிய மாட்டாள். பட்டுப் புடவைப் பெட்டியில் மடிப்புக்கு நடுவே போட்டு வைப்பாள். மல்லிகை வாடினால் மணம் போய்விடும்; மகிழம்பூ வாடி, பழுப்பாகி, சருகாகிய பிறகும் மணக்கும். அடுத்த தீபாவளிக்குப் பெட்டியைத் திறந்தால் சோழவந்தான் கோடை வெளியே வரும்.

ஆசையைத் தள்ளி வைத்துவிட்டு மரத்தைப் பார்ப்போம். மகிழம் எப்போதும் பச்சை. ஒரேயடியாக இலை உதிர்க்காது. வருடம் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக விழும், தினமும் கூட்டுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஓரம் அலையலையாக நெளிந்த, பளபளப்பான கரும்பச்சை இலை. கிளை நெருக்கமாகக் குடை போலச் சேர்ந்து வளரும். கிளையை வெட்டிக் கவாத்து செய்தால் பணிந்து நடக்கும். கட்டை உறுதியானது, ஆடிக் காற்றுக்கும் ஐப்பசிப் புயலுக்கும் சட்டென்று முறியாது. பங்குனியில் தொடங்கி ஆனி வரை நன்றாகப் பூக்கும். காய் பழுத்தால் ஆரஞ்சு நிறம். துவர்ப்பும் இனிப்பும் மாவுமாக ஒரு ருசி. பிள்ளைகள் தின்பார்கள், மிச்சத்தைக் குயிலும் வௌவாலும் பார்த்துக்கொள்ளும். திருவண்ணாமலையில் இதுதான் தலமரம். திருவொற்றியூரில் சங்கிலியார் சுந்தரரைக் கோயிலுக்குள் சத்தியம் செய்ய வேண்டாம், மகிழ மரத்தடியில் செய்யுங்கள் என்று கேட்ட கதையை அம்மா அந்தப் பிரகாரத்தில் வைத்துத்தான் எங்களுக்குச் சொன்னாள்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: மெதுவாக வளரும். விதைக் கன்று பூக்க ஏழெட்டு வருடம் ஆகலாம். புங்கை கூரையைத் தொடும் நேரத்தில் மகிழம் உங்கள் தோளுக்கு வந்திருக்கும். அத்தான் சரியான இடத்தில் பிடித்தார். “உன் அக்காவுக்கு அடுத்த மாதம் அறுபது. பூ எப்போது எடுப்பது, மாலை எப்போது கோப்பது?” என்றார்.

நான் அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டேன். வாசலில் எந்த நேரம் இருப்பாய்? பிற்பகலில் அங்கே உட்கார்வாயா? அவள் முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடம் போனவள். ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, வெளிச்சம் வரும் வரை அங்கேயே நிற்பது அவளுக்குப் பிடித்த நேரம். பிற்பகலில் உள்ளறையில் படுப்பாள். அத்தான் ஊருக்குள் போய்விடுவார். நான்கு மணிக்கு வாசலில் யாரும் இல்லை. எதிர்வீட்டில் பேரன்கள், வருகிறவர் போகிறவர், நாள் முழுதும் மரத்தடியில்தான் வாழ்க்கை. அவருக்குப் புங்கை சரி. புங்கை பகல் இரண்டு மணியின் மரம். மகிழம் விடியற்காலையின் மரம். அக்காவின் நேரமும் அதுதான்.

இடமும் அதையே சொன்னது. பன்னிரண்டு அடியின் நடுவில் குழி வெட்டினால் வீட்டுக்கும் சுவருக்கும் ஆறாறு அடிதான். புங்கையின் ஆணிவேர் ஆழமாகப் போனாலும் பக்கவேர் பரவலாக ஓடும், வேர்க்கன்றும் விடும். பத்துப் பன்னிரண்டு அடி விலகல் இல்லாமல் அதைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை. மகிழத்துக்கு ஆறடி போதும். வாசல் இருபதடியாக இருந்திருந்தால், அல்லது அக்கா பிற்பகலில் வாசலில் உட்காருகிறவளாக இருந்திருந்தால், தயங்காமல் புங்கை என்றிருப்பேன்.

மெதுவான வளர்ச்சிக்கு ஓரளவு மாற்று உண்டு. பாலித்தீன் பையில் ஒரு அடிக் கன்று வாங்காமல், பெரிய பையில் நான்கைந்து வருடம் வளர்ந்த ஏழெட்டு அடிக் கன்றாக வாங்கலாம். விலை பல மடங்கு. ஆனால் நாம் காத்திருக்க வேண்டிய வருடங்களை நாற்றங்கால்காரர் ஏற்கெனவே காத்திருந்து கொடுக்கிறார். அப்படிக் கன்று எடுக்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அடிமரம் விரல் தடிமனுக்கு மேல் இருக்கிறதா, கொழுந்து ஒடியாமல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பையின் அடியைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். வேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றிச் சுருண்டிருந்தால் அந்தக் கன்று பல வருடம் முட்டிக்கொண்டு நிற்கும். லேசாகச் சுற்றியிருந்தால் நடும்போது கத்தியால் அந்தச் சுற்றை வெட்டிவிடலாம்.

மேற்கு வெயிலுக்கு என்ன செய்வது? மகிழம் நிழல் தரும் வரை வாசலுக்கு முன்னால் எட்டடி உயரத்தில் மூங்கில் பந்தல் போட்டு முல்லைக் கொடி ஏற்றச் சொல்லியிருக்கிறேன். ஒன்றரை இரண்டு வருடத்தில் பந்தல் மூடிவிடும், சாயங்காலம் மொட்டு அவிழும். தை மாதத்தில் கவாத்து செய்ய வேண்டும். மதுரை மல்லியையே வைக்கலாமே என்று மருமகள் கேட்டாள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பூ, யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அது கொடியாகப் படர்ந்து நிழல் தருவதில்லை. புதராக நிற்கும், முழு வெயில் கேட்கும், மரத்தின் நிழல் விழுந்தால் பூக்காது. அதற்கு மொட்டைமாடியில் இரண்டு பெரிய தொட்டி ஒதுக்கினோம். கார்த்திகை பாதியில் ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் மாசி, பங்குனியிலிருந்து மொட்டு வரும்.

பவளமல்லியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நியாயம் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், ஐந்தடி இடம் மட்டும் உள்ளவர்களுக்கும், காத்திருக்க முடியாதவர்களுக்கும் நான் சொல்லும் முதல் பெயர் அதுதான். பத்துப் பதினைந்து அடிக்குள் நிற்கும். விதையிலிருந்தே இரண்டு மூன்று வருடத்தில் பூத்துவிடும். புரட்டாசி முதல் மார்கழி வரை, இருட்டிய பிறகு மலர்ந்து விடியும்போது உதிரும். வெள்ளை இதழ், பவள நிறக் காம்பு. தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்க மாட்டோம்; பவளமல்லிக்கு மட்டும் அந்த விலக்கு உண்டு. இரவே மரத்தடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுப் படுத்தால் காலையில் நான்கு முனையைப் பிடித்து அள்ளிக்கொள்ளலாம். இலை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். சித்திரையில் பாதி இலை உதிர்ந்து துவண்டு நிற்பதைப் பார்த்துப் பட்டுப்போய்விட்டது என்று வெட்டிவிடாதீர்கள். ஆவணி மழைக்குத் தளிர்த்துவிடும். மழைக்காலத்தில் சில வருடம் கம்பளிப்பூச்சி வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அடிமரத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு இதையும் காட்டினேன். அழகுதான், ஆனால் கோக்க முடியாதே, கை பட்டாலே கசங்கிவிடுகிறதே என்றாள்.

ஆக, மகிழம் என்று முடிவாகிவிட்டது. எப்போது வைப்பது என்பதிலும் ஒரு சின்ன வாக்குவாதம். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொல்லியிருக்கிறார்களே என்றார் அத்தான். அது விதைக்கு. மரக்கன்றை ஆடியில் வைத்தால் வறண்ட காற்று இலையை உலுக்கி வேரை அசைத்துக்கொண்டே இருக்கும். புரட்டாசிக் கடைசியில், மழை இரண்டு முறை மண்ணை நனைத்த பிறகு வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வேர் பிடித்துவிடும். தை வெயில் வரும்போது கன்று தன் காலில் நிற்கும்.

குழியை மட்டும் ஆடியிலேயே வெட்டிவிட்டோம், மூன்றுக்கு மூன்று, ஆழமும் மூன்று. சுக்கான் அடுக்கு வந்ததும் கடப்பாரையில் நெருப்புப் பறந்தது; கூலியாள் அரை நாள் கூடுதலாக உழைத்தார். அடியில் அந்தச் சுக்கானை உடைக்காமல் விட்டிருந்தால் மழைத் தண்ணீர் தொட்டியில் நிற்பது போல நின்று வேர் அழுகியிருக்கும். மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருக்கிறது. மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழு உரமும் இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பப் போகிறோம். அத்தானின் வேம்பு அப்படியாவது உள்ளே போகிறது. கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அடியில் துளையிட்டுத் திரி வைத்த மண்பானை ஒன்றைக் கழுத்து வரை புதைக்க வேண்டும். கோடையில் வாரம் இரண்டு முறை பானையை நிரப்பினால் தண்ணீர் வேருக்கே கசிந்து போகும், மேலே ஆவியாகாது. சுற்றிலும் காய்ந்த இலையை அரை அடி மூடாக்காகப் போட வேண்டும். அடிமரத்தை ஒட்டாமல் நான்கு விரல் இடம் விட வேண்டும். முதல் இரண்டு கோடை தாண்டிவிட்டால் பிறகு மகிழம் அதிகம் கேட்காது.

பானையை அக்கா மானாமதுரைக்குப் போனபோதே வாங்கி வந்துவிட்டாள். அது இப்போது குழியின் ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. கிழக்கே இன்னும் நட்சத்திரம் இருக்கும்போதே அவள் வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறாள். குழியைச் சுற்றி மட்டும் கோலம் போடாமல் இடம் விட்டு வைக்கிறாள்.